என் பெயரைச் சொல்லாமல் சொன்ன கதை

எனக்கு வந்த நோயின் பெயரைச் சொன்னால் கேட்பவர்கள் இன்னொரு தடவை சொல்லச் சொல்கிறார்கள். மயஸ்தேனியா கிராவிஸ். இரண்டாவது தடவை சொன்ன பிறகும், "அது சீனியா, பிரஷரா?" என்றுதான் கேள்வி வருகிறது. அதனால் இப்போதெல்லாம், "நரம்பு சொல்றது தசைக்குக் கேக்காத நோய்" என்று சொல்லி முடித்துவிடுகிறேன். கிட்டத்தட்ட அது சரிதான். இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், இதே நோய் வந்து என்னவென்று தெரியாமல் யாராவது அலைந்துகொண்டிருக்கலாம் என்பது. இன்னொரு காரணமும் உண்டு. என் நோயைப் பற்றி ஏற்கெனவே ஒருவர் மேடையில் கதை சொல்லிவிட்டார். நிறையப் பேர் அதைக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறார்கள். நடந்ததை நானும் ஒரு தடவை சொல்லிவிட வேண்டும்.

என் பெயர் புஷ்பா. வீடு கிள்ளானில். பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. கணவர் சேகர் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். ஒரே மகள் ஹேமா கல்லூரியில் படிக்கிறாள். காலையில் கொம்யூட்டர் ரயில், சாயங்காலம் அதே ரயில். இதுதான் என் வாழ்க்கை. வெள்ளிக்கிழமை மட்டும் வேறு.

ஹேமா சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நிலையத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். கடைவீடு ஒன்றின் மாடியிலிருந்து முருகன் பாட்டு கேட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறினேன். ஏழெட்டுப் பெண்கள் பாயில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் விமலா அக்கா. ஓய்வு பெற்ற ஆசிரியை, கணவரை இழந்தவர். எங்களூர்ப் பேச்சில் எதோடும் ஒட்டிக்கொள்ளும் 'லா'வோடு, "வா லா, உக்காரு" என்றார். பெயர்கூடக் கேட்கவில்லை. அன்று நான் பாடியதைக் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஏறக்குறைய எல்லா வெள்ளிக்கிழமையும் அங்கேதான். எனக்குக் கூடப் பிறந்த அக்கா கிடையாது. அந்த இடத்தில் அவரை வைத்துக்கொண்டேன்.

கூட்டம் பெரிதானது நல்ல விஷயம்தான். ஆனால் பெரிதான விதம் வேறு மாதிரி. முதலில் போனில் ஒரு குழு. அப்புறம் பூவுக்கு ஒரு குழு, பிரசாதத்துக்கு ஒரு குழு. அம்பாங்கில் ஒரு கிளை, ரவாங்கில் ஒரு கிளை. பிறகு நேரலை வந்தது. கேமரா எந்தப் பக்கம், எந்த நிறப் புடவை, எத்தனை பேர் பார்த்தார்கள், யார் என்ன எழுதினார்கள். கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள் என்பதால் யாருக்கு என்றைக்கு என்ன பொறுப்பு என்று பிரித்துக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. ரயிலில் அதுதான் வேலை. சாப்பாட்டு நேரத்திலும் அதுதான். காலையில் கண் விழித்ததும் போனில் முதலில் பார்ப்பது, சுண்டல் செய்ய வேண்டியவர் வரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாரா என்பதை. சாமிக்காகத்தானே செய்கிறோம் என்று நினைத்ததால் இதை ஒரு தொல்லையாக நான் எண்ணியதே இல்லை. டிவி பார்த்துப் பொழுதைக் கழிப்பவர்களைப் பார்த்து உள்ளுக்குள் கொஞ்சம் பரிதாபப்பட்டதும் உண்டு.

ஒரு நாள் கூட்டம் முடிந்து விமலா அக்கா என்னைக் காரில் நிலையத்தில் இறக்கிவிட வந்தார். இறங்குவதற்கு முன்னால் எனக்கு அழுகை வந்துவிட்டது. "அக்கா, ரெண்டு வருஷமா பாடும்போது எனக்கு ஒண்ணுமே தோணல. வாய் பாட்டுக்குப் பாடுது. மனசுல சாமியே இல்ல. யாரு பூ வாங்குறா, மைக் சரியா இருக்கா, இதுதான் ஓடுது" என்றேன்.

அவர் என் முதுகைத் தடவிக் கொடுத்தார். "எல்லாருக்கும் வர்றதுதான் லா. வேற யாருகிட்டயும் சொல்லிக்காத. நீ என்கிட்ட சொன்னது என்னோடயே இருக்கும்."

அந்த வார்த்தையை நம்பி அன்று ரயில் ஏறினேன்.

நோய் இடது கண்ணில் ஆரம்பித்தது. சாயங்கால ரயிலில் நிலையத்தின் பெயர்ப்பலகை இரண்டாகத் தெரியும். ஒரு கண்ணை மூடினால் ஒன்றாகிவிடும். கண்ணாடி மாற்ற வேண்டும் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். பிறகு இமை இறங்கத் தொடங்கியது. காலையில் சரியாக இருக்கும். பொழுது சாயச் சாயக் கடையின் ஷட்டர் மாதிரி தொங்கும். வெள்ளிக்கிழமை பாடிக்கொண்டிருக்கும்போது இரண்டு கண்ணும் பாதி மூடிவிடும். விமலா அக்கா அதைப் பார்த்துப் பூரித்துப் போனார். "பாத்தியா, கண்ணு தானா சொருகுது. எத்தன வருஷம் உக்காந்தாலும் சிலருக்கு வராத நிலை இது" என்றார். மனசில் ஒன்றுமே தோன்றாத எனக்குக் கண்ணாவது சொருகுகிறதே என்று நானும் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன்.

அடுத்து வாய். ரொட்டி சானாய் பாதி மெல்லும்போதே தாடை ஓய்ந்துவிடும். கையால் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மென்றேன். சேகர் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "பல்லு வலிக்குதா?" என்றார். பல் டாக்டரிடம் போனோம். பல்லில் ஒன்றும் இல்லை. அப்புறம் குரல். முதல் பாட்டு நன்றாக வரும். மூன்றாவது பாட்டில் மூக்கால் பேசுகிறவள் மாதிரி ஆகிவிடும். நேரலையின் கீழே, "அக்காவுக்குச் சளியா?" என்று யாரோ எழுதினார்கள். அடுத்த வாரம் இன்னொருவர், "பாடகியை மாற்றலாமே" என்று எழுதினார்.

சேகர் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை. கோயிலுக்கு என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியில் தேநீர் குடிக்கிறவர். ஆனால் அவர்தான் விடவில்லை. கிளினிக், கண் பிரிவு, அங்கிருந்து நரம்பியல் பிரிவு என்று அரசு மருத்துவமனையில் மாறி மாறி எண் சீட்டு வாங்கி உட்கார்ந்தோம். எங்கள் சங்கடம் என்னவென்றால், சந்திப்பு எல்லாம் காலையில். காலையில் என் இமை எல்லாரையும் போல மேலே நிற்கும். "நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். நரம்பியல் பிரிவுக்குப் போன அன்று சேகர் ஒரு வேலை செய்தார். காத்திருக்கும் கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்புகளை எல்லாம் என்னைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். மலாயில் கை கழுவும் முறை, டெங்கி கொசு, இரத்த தானம். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "படி, படி" என்றார். எங்கள் எண் வருவதற்குள் இமை இறங்கிக் குரல் குழறிவிட்டது. "இப்ப வா" என்று எழுந்தார்.

இளம் பெண் டாக்டர். தமிழ்ப் பெண். கண்ணை இமைக்காமல் கூரையைப் பார்க்கச் சொன்னார். இமை மெல்ல மெல்ல விழுந்தது. உடனே அவர் முகம் மாறியது, ஏதோ கிடைத்துவிட்டதுபோல. ரப்பர் கையுறையில் ஐஸ் போட்டுக் கட்டி என் கண்மேல் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தபோது இமை மேலே நின்றது. சேகர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"ஆன்டி, குளிர் பட்டா இந்தப் பிரச்சினை கொஞ்ச நேரம் குறையும். அதான் டெஸ்ட்" என்றார் டாக்டர். "நரம்புல இருந்து தசைக்கு ஒரு மெசேஜ் போகும். அத வாங்கிக்கிற இடம் தசை மேல இருக்கு. நோய எதிர்க்க வேண்டிய உங்க உடம்பே, அந்த இடத்த எதிரின்னு நெனச்சு அடிச்சுக்கிட்டு இருக்கு. அதனாலதான் வேலை செய்யச் செய்ய சோர்ந்து போகுது. ரெஸ்ட் எடுத்தா திரும்ப வருது."

"என் உடம்பே என்னையவா?" என்றேன்.

"ஆமா ஆன்டி. உங்க தப்பு இல்ல. நீங்க ஏதும் செஞ்சதால வந்ததில்ல."

அந்தக் கடைசி வாக்கியத்தை அப்போது நான் கவனிக்கவில்லை. பிறகுதான் அது எனக்குத் தேவைப்பட்டது.

இரத்தச் சோதனை எடுத்தார்கள். கையிலும் முகத்திலும் சின்னச் சின்ன மின் அதிர்ச்சி கொடுத்து, தசை எவ்வளவு சீக்கிரம் ஓய்கிறது என்று பார்த்தார்கள். எறும்பு கடிப்பதுபோல இருந்தது, பெரிய வலி இல்லை. மார்புக்குள் தைமஸ் என்று ஒரு சுரப்பி உண்டாம், சிலருக்கு அதில் கட்டி இருக்குமாம். அதற்காக ஸ்கேன். அந்த முடிவு வரும்வரை சேகர் வீட்டில் ஓயாமல் எதையாவது பழுது பார்த்துக்கொண்டிருந்தார். ஒழுகாத குழாயைக்கூடக் கழற்றி மாட்டினார். கட்டி இல்லை. மாத்திரை தொடங்கியது. தலையணையில் தலை வைத்து ஓய்வெடுக்க வேண்டும், சளி காய்ச்சல் வந்தால் கண்ட மருந்தைப் போடக்கூடாது, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் வந்தால் யோசிக்காமல் அவசரப் பிரிவுக்கு வர வேண்டும். டாக்டர் இதை இரண்டு தடவை சொன்னார்.

விமலா அக்காவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். நோயின் பெயர், ஐஸ் வைத்தது, ஓய்வு. கவனமாகக் கேட்டார். "நவராத்திரி மட்டும் முடிச்சுக் குடு லா. கிளை ஆளுங்க எல்லாரும் வர்றாங்க. நீ இல்லன்னா யாரு பாடுவா? அம்பாள் உன்னப் பாத்துக்குவா. அதுக்கப்புறம் எவ்வளவு வேணும்னாலும் ரெஸ்ட் எடு."

சேகர் வேண்டாம் என்றார். ஹேமா வேண்டாம் என்றாள். நான் போனேன். பகலில் அலுவலகம், சாயங்காலம் பாட்டு, ரயிலில் போன். மூன்றாம் நாள் தொண்டை கரகரத்தது. ஐந்தாம் நாள் பாடி முடித்துத் தண்ணீர் குடித்தேன். குடித்த தண்ணீர் மூக்கு வழியாகப் புடவையில் வழிந்தது. கழுத்து தலையைத் தாங்கவில்லை. யாரோ சேகருக்கு போன் செய்தார்கள். அவர் வரும்வரை என்னைப் படிக்கட்டுப் பக்கம் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். உள்ளே நேரலை ஓடிக்கொண்டிருந்தது. என் இடத்தில் வேறொருவர் பாடத் தொடங்கியது கேட்டது.

என்னை ஏற்கெனவே பார்த்துவந்த கிள்ளான் மருத்துவமனையின் அவசரப் பிரிவில், "ஒரே மூச்சுல ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுங்க" என்றார்கள். நுரையீரலில் எவ்வளவு காற்று மிச்சம் இருக்கிறது என்று பார்க்க இது ஒரு வழி. என்னால் ஆறைத் தாண்ட முடியவில்லை. உடனே ஓட்டமும் நடையுமானார்கள். தூங்க வைக்கப் போகிறோம், மூச்சுக்குக் குழாய் போடப் போகிறோம் என்றார்கள். சேகரின் முகம் எனக்கு இரண்டாகத் தெரிந்தது. இரண்டு முகமும் அழுதன.

தீவிர சிகிச்சைப் பிரிவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மயக்கம் தெளிந்த பிறகு எனக்கு எல்லாம் கேட்டது. ஆனால் கண் திறக்காது. குழாய் இருப்பதால் பேச்சு இல்லை. விரல் மட்டும் கொஞ்சம் அசையும். கழுத்தில் ஒரு பெரிய ஊசி வழியாக இரத்தத்தை வெளியே எடுத்து, அதில் இருக்கும் மஞ்சள் நீரைப் பிரித்து நீக்கி, வேறு திரவம் சேர்த்துத் திரும்ப உள்ளே விட்டார்கள். என்னை அடிக்கும் பொருள் அந்த மஞ்சள் நீரில்தான் இருக்கிறதாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இது நடந்தது. உடம்பு குளிரில் நடுங்கும். மிஸ்ஸி வந்து போர்வை போடுவார். எங்களூரில் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம்.

இத்தனை வருடம் சாமியைப் பாடியவள், இப்போது வேறு வேலையே இல்லை, போன் இல்லை, அலுவலகம் இல்லை. சாமியை நினைக்க இதைவிட என்ன வசதி வேண்டும்? முருகனை நினைத்தேன். வரவில்லை. வந்தது என்ன தெரியுமா? எட்டாம் நாள் பூ யார் வாங்குகிறார்கள் என்பது. ஜெஞ்சாரோமிலிருந்து வரும் குடும்பத்துக்கு நேரம் சொல்லியாகிவிட்டதா என்பது. மறுபடி முருகா என்றேன். மறுபடி சுண்டல். சாகக் கிடக்கிறேன், எனக்குள் போன் குழு ஓடிக்கொண்டிருக்கிறது. நோயைவிட அதுதான் என்னைப் பயமுறுத்தியது. சாமிக்கென்று நான் ஒதுக்கி வைத்த அறை முழுக்கச் சாமியின் சாமான்களை அடுக்கி, அவர் உட்கார இடமில்லாமல் செய்துவிட்டேன்.

பாட்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். மனசுக்குள், "எனக்குப் பயமா இருக்கு. நீ இருக்கியா இல்லியா?" என்று மட்டும் கேட்டேன். பதில் ஒன்றும் வரவில்லை. ஒளி, காட்சி எதுவும் இல்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்ட நேரத்தில் பூவும் வரவில்லை, சுண்டலும் வரவில்லை. பல வருடத்தில் நான் செய்த முழுப் பிரார்த்தனை அதுதான். அதற்குப் பிறகு பயம் வந்தபோதெல்லாம் அதையே கேட்டேன். சில நேரம் கோபமாகவும் கேட்டேன். உனக்காகப் பாடின தொண்டையில்தான் குழாய் போட வேண்டுமா என்று கேட்டேன்.

குழாயை எடுத்துச் சாதாரண வார்டுக்கு மாற்றிய பிறகு வீட்டாரின் அன்பில் குளித்தேன் என்று சொல்லலாம். சேகர் இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்து, கரண்டியால் மசித்து, வடிகட்டிக்கூடக் கொண்டு வந்தார். ஹேமா கல்லூரி முடிந்து வந்து என் தலையை வாரி, இமை மேல் சின்ன பிளாஸ்டர் ஒட்டித் தூக்கி வைப்பாள். "இப்ப தெரியுறேனா ம்மா?" என்பாள். அரசு மருத்துவமனை என்பதால் பில் எங்களைச் சாய்க்கவில்லை. சம்பளமில்லா விடுப்புதான் சேகரைக் கடித்தது. அதைப் பற்றி அவர் என்னிடம் பேசவே இல்லை.

பக்கத்துக் கட்டிலில் ஒரு மலாய் மாக்சிக், வயதான அம்மா. நேரம் வந்ததும் படுத்தபடியே தலையை மூடிக்கொண்டு தொழுவார். முடிந்த அடுத்த நிமிடம் போனில் கொரிய நாடகம். கதாநாயகன் ஏமாற்றினால் சத்தமாகத் திட்டுவார். பிறகு நேரம் வந்தால் போனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுவார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்கு ஆசை வந்தது. குரல் இல்லாவிட்டால் என்ன, நேரலையில் பார்க்கலாமே. அந்த முகங்களைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. ஹேமா கீழே கடையில் சாப்பாடு தாப்பாவ், அதாவது பொட்டலம், வாங்கப் போயிருந்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு போனைத் திறந்தேன்.

பாட்டு முடிந்து விமலா அக்கா பேசிக்கொண்டிருந்தார். மனம் ஒருமைப்படுவது பற்றி. உலக விஷயங்கள் நம்மை எப்படி இழுக்கின்றன என்பது பற்றி. நல்ல பேச்சு. பிறகு சொன்னார்:

"நம்மள்ல ஒரு சகோதரி. பேரு வேணாம். நல்லாப் பாடுவா. ஆனா அவளே என்கிட்ட ஒரு நாள் அழுதுகிட்டு சொன்னா, 'பாடும்போது என் மனசுல சாமியே இல்ல அக்கா'ன்னு. ரெண்டு வருஷமா அப்படித்தான் பாடிக்கிட்டு இருந்திருக்கா. வேலை, போனு, ஓட்டம். சாமி எத்தன நாள் பொறுப்பாரு? இன்னிக்கு அந்தத் தொண்டையே கட்டிப் போச்சு. ஆஸ்பத்திரில கெடக்கா. இது தண்டனைன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நாம பாடம் படிச்சுக்கணும்."

திரையின் கீழே கும்பிடும் கைப் படங்கள் வரிசையாக மேலே ஏறின. "யார் என்று தெரிகிறது" என்று ஒருவர் எழுதினார். "பாவம் புஷ்பா" என்று இன்னொருவர்.

ஹேமா பொட்டலத்தோடு திரும்பி வந்தபோது நான் போனை மார்பில் கவிழ்த்து வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தாள். "நான் இப்பவே எழுதப் போறேன் ம்மா. டாக்டர் சொன்னத அப்படியே போடுறேன். அவங்கதான் உன்னப் பாட வச்சாங்கன்னு போடுறேன்."

வேண்டாம் என்று தலையாட்டினேன். அழுதால் மூச்சு திணறும் என்பதால் அழவும் முடியவில்லை. நோயின் பெயரையும் காரணத்தையும் அவரிடம் நான் உட்கார்ந்து விளக்கியிருந்தேன். அது அவருக்குத் தெரியும். ஓட்டம் என்றாரே, அந்த ஓட்டத்தில் முக்கால்வாசி அவர் கொடுத்த வேலை. அதுவும் அவருக்குத் தெரியும். இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். காரில் நான் அழுதது என்னிடம் இருந்த மிக அந்தரங்கமான பொருள். சேகரிடம்கூடச் சொல்லாதது. பத்திரமாக வைப்பார் என்று கொடுத்தேன். அதை எடுத்து மைக்கில் போட்டுவிட்டார்.

இரண்டு நாள் கழித்து விமலா அக்கா பார்க்க வந்தார். விபூதி, ஆரஞ்சுப் பழம், கூட ஒரு பெண். சேகர் அவரைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். நான் மாத்திரை போட்ட நேரம் பார்த்து வந்தது என் அதிர்ஷ்டம். அப்போதுதான் கொஞ்ச நேரத்துக்குக் குரல் தெளிவாக இருக்கும். நாலைந்து வாக்கியம் பேசலாம். அதற்குமேல் குழறிவிடும். எதைச் சொல்வது என்று பொறுக்கி எடுக்க வேண்டியிருந்தது.

"மெலிஞ்சு போய்ட்ட லா. எல்லாரும் உனக்காகப் பிரார்த்தனை பண்றாங்க" என்றார்.

"வெள்ளிக்கிழமை கேட்டேன் அக்கா."

"பேரச் சொல்லலயே."

"அது நான் உங்ககிட்ட அழுதுகிட்டு சொன்னது. உங்களோடயே இருக்கும்னு சொன்னீங்க."

"நாலு பேருக்கு நல்லதுக்குத்தான் சொன்னேன். உன்னக் குறை சொல்லணும்னு இல்ல. நீயே யோசிச்சுப் பாரு, உண்மதானே?" அவர் கைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார், ஏதோ தட்டினார், திரும்ப என்னைப் பார்த்தார். "என்ன சொன்ன?"

நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல நினைத்திருந்த அடுத்த வாக்கியம், "உண்மைதான், அதனாலதான் உங்ககிட்ட மட்டும் சொன்னேன்" என்பது. வாயைத் திறந்தபோது குரல் மூக்குக்குப் போய்விட்டது. அவருக்குப் புரியவில்லை. "ரெஸ்ட் எடு, ரெஸ்ட் எடு" என்று நெற்றியில் விபூதி பூசிவிட்டுக் கிளம்பினார். நான் மறுக்கவில்லை. விபூதி அவருடையது அல்லவே.

மாக்சிக் தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தபடி, அது உன் அக்காவா என்று மலாயில் கேட்டார். இல்லை என்று கையசைத்தேன். முதல் தடவையாக அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொன்னேன்.

வீடு திரும்பினேன். மாத்திரைகளோடு வாழப் பழகினேன். ஸ்டீராய்டில் முகம் பந்துபோல உப்பியது. அலுவலகத்தில் பாதி நாள் வீட்டிலிருந்து பார்க்க விட்டார்கள். குழுக்களிலிருந்து ஒவ்வொன்றாக வெளியேறினேன். ஒவ்வொரு தடவையும், உறுதியாகத்தானா என்று போன் கேட்டது. காலையில் எழுந்ததும் போனைத் தொடாமல் சாமி அறையில் உட்காருகிறேன். குரல் வீணாகக்கூடாது என்பதால் பாட்டு இல்லை. முருகா என்று சொல்கிறேன். மனசு அலுவலகத்துக்கு ஓடும், குழம்புக்கு ஓடும். திரும்பக் கூப்பிடுகிறேன். களைத்தால் எழுந்துவிடுகிறேன். சில நாள் அந்த மௌனத்தில் யாரோ இருப்பதுபோல இருக்கிறது. பல நாள் இல்லை. யாரிடமும் இதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை என்பதே நிம்மதியாக இருக்கிறது.

சில மாதம் கழித்து விமலா அக்கா போன் செய்தார். குரலில் பழைய பாசம்.

"ஆண்டு விழா வருது லா. நீ ஒரு அஞ்சு நிமிஷம் மேடைக்கு வரணும். கூட்டுப் பிரார்த்தனையாலதான் எழுந்து வந்தேன்னு உன் வாயால சொன்னா எத்தன பேருக்கு நம்பிக்க வரும் தெரியுமா?"

முதலில் மற்றவர்களை எச்சரிக்கும் கதையாக இருந்தேன், இப்போது அதிசயக் கதையாகிவிட்டேன் என்று புரிந்தது.

"டாக்டருங்களப் பத்தியும் சொல்லலாமா அக்கா? சேகரப் பத்தி?"

"அதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. சுருக்கமா போதும்."

"டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொல்லியும் நவராத்திரில பாடுனதப் பத்தி?"

"இன்னுமா அதயே பிடிச்சுக்கிட்டு இருக்க? சாமி கும்பிடுறவ மன்னிக்கணும் லா" என்றார்.

"மன்னிக்கிற மனசு வந்தா சொல்றேன் அக்கா. இன்னும் வரல. வந்த மாதிரி மேடையில நடிக்க முடியாது." இவ்வளவும் குழறாமல் சொன்னேன்.

விழா நடந்த சாயங்காலம் வீட்டில்தான் இருந்தேன். சேகர் சமையலறையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். விளக்கேற்றி உட்கார்ந்தேன். முருகா என்றேன். மனசுக்குள் விமலா அக்கா வந்தார். மைக்கோடு வந்தார், காரில் என் முதுகைத் தடவிய கையோடும் வந்தார். எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. போகவில்லை. துரோகம் செய்தவரை மனசிலிருந்து தள்ளிவிட்டால்தான் சாமி வருவார் என்றால் நான் எப்போது கும்பிடுவது? அவர் இருந்தால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, மறுபடியும் முருகா என்றேன். கோபம் அப்படியே இருந்தது. விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது.